தீராத வயிற்றுவலி

மூன்றாவது எண்டோஸ்கோபி (வாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி இரைப்பையைப் பார்க்கும் சோதனை) முடிந்து என் மனைவி செல்வி வெளியே வந்தபோது காலை பதினொன்றே கால். தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் முதல் மாடித் தாழ்வாரம். பதினான்கு நாற்காலிகள், அவற்றில் இரண்டு உடைந்தவை. முந்தைய இரண்டு முறை வந்தபோதும் எண்ணியிருந்தேன். கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள், பந்தலில் எத்தனை நாற்காலி காலியாக இருந்தது என்று எண்ணுவது என் தொழில் விட்டுச்சென்ற பழக்கம்.

வயிற்று மருத்துவர் படங்களைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஒண்ணுமில்லைங்க. உள்ள ரொம்ப சுத்தமா இருக்கு. சந்தோஷமா வீட்டுக்குப் போங்க." பிறகு ஒரு தாளில் ஏதோ எழுதிக் கொடுத்தார். வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டேன்.

நான் சந்தோஷப்பட்டேன். செல்வி படவில்லை. தொண்டையை மரத்துப்போகச் செய்திருந்ததால் அவளுக்குப் பேச்சு சரியாக வரவில்லை. படியிறங்கும்போது இடது விலாவுக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு, "அப்ப இது என்னங்க?" என்று கேட்டாள்.

"அதான் ஒண்ணுமில்லன்னுட்டாரே" என்றேன்.

சோதனை முடிவுகள் எல்லாம் சரியாக இருக்க, வலி மட்டும் போகாத ஒருவரோடு இதே மாதிரித் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நோயாளிக்குச் சொல்ல என்னிடம் எதுவும் கிடையாது. துணைக்கு வந்திருப்பவருக்குச் சொல்ல இருக்கிறது.

நான் இருபத்தேழு ஆண்டுகள் ஒரு நாளிதழுக்குப் பகுதி நிருபராக இருந்தேன். தஞ்சாவூருக்கு மேற்கே, காவிரிக் கரையில் ஒரு சிறு ஊர். கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று சாலை மறியல், கொள்முதல் நிலையத்தில் நனைந்த நெல், தேரோட்டம், பைக் விபத்து. இவை போக, மாதம் ஒன்றோ இரண்டோ தற்கொலைச் செய்தி.

அதற்கு ஒரு வாசகம் உண்டு. தமிழில் பத்திரிகை படிக்கும் யாருக்கும் அது மனப்பாடம். 'தீராத வயிற்றுவலியால் அவதிப்பட்டு வந்தார். இதனால் வாழ்க்கையில் வெறுப்படைந்த அவர்...' புகார் மனுவில் குடும்பத்தார் அப்படி எழுதித் தருவார்கள். அது அப்படியே பதிவாகும். நாங்களும் அப்படியே எழுதுவோம். வயிற்றுவலி என்று போட்டுவிட்டால் அடுத்த கேள்வி வராது. வீட்டில் கல்யாணமாக வேண்டிய தங்கை இருப்பாள், வளர வேண்டிய பிள்ளை இருக்கும். எல்லோருக்கும் வசதியான உறுப்பு வயிறு.

பிரவுசிங் சென்டர் கணினியில் என் பெயரில் ஒரு கோப்பு வைத்திருந்தேன். முந்தைய செய்தியைத் திறந்து பெயரையும் வயதையும் ஊரையும் மாற்றி அனுப்பினால் போதும். ஐந்து நிமிட வேலை.

செல்விக்கு வலி தொடங்கியபோது நாற்பத்தேழு வயது. ஆவணி மாதம். ஊரில் சம்பாவுக்கு நாற்று விட்டுக்கொண்டிருந்தார்கள். சாப்பிட்டதும் ஒரு இறுக்கம் வந்தது. "உள்ள யாரோ ஈரத்துணிய பிழியற மாதிரி இருக்குங்க" என்றாள். ஓமத் தண்ணீர் குடித்தாள். மருந்துக்கடையில் அசிடிட்டி மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். கார்த்திகையில் ஒரு வேளைக்கு அரை இட்லி என்றாயிற்று. பொங்கலுக்குள் எட்டு கிலோ குறைந்துவிட்டாள். பழைய ரவிக்கைகளை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தைத்தாள்.

இரத்தப் பரிசோதனை, அல்ட்ரா சவுண்ட், சி.டி. ஸ்கேன் (உடலைக் குறுக்குவெட்டாகப் படமெடுக்கும் சோதனை), கொலனோஸ்கோபி (பெருங்குடலுக்குள் குழாய் செலுத்திப் பார்ப்பது), இரண்டு எண்டோஸ்கோபி. எல்லாம் நார்மல். நான் அந்தத் தாள்களைத் தேதி வாரியாக அடுக்கி, முன்பக்கம் ஒரு பட்டியல் ஒட்டி, கோப்பு தயாரித்தேன். அதுதான் அக்கறை என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வருகிறவர்கள் விசாரித்தால் நான் முந்திக்கொண்டு பதில் சொல்வேன். "ஒண்ணுமில்லையாம். எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சு." அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் தொலைபேசியில் கேட்டால், "அம்மாவுக்கு கேஸ்தாம்பா" என்பேன்.

எதிர்வீட்டு அம்மாள் சொல்லி வேளாங்கண்ணிக்குப் போய்வந்தோம். அங்கே ஒரு முழு நாள் வலி இல்லை. மணலில் உட்கார்ந்து அவித்த கடலை ஒரு பொட்டலம் தின்றாள். திரும்பி வரும்போது நாகப்பட்டினம் தாண்டியதும் வலி வந்துவிட்டது. "பாத்தியா, அப்ப எல்லாம் மனசுதான்" என்றேன். மனசு என்று சொன்னேன். நடிப்பு என்ற பொருளில் சொன்னேன். அவளுக்கும் அப்படித்தான் கேட்டது.

அதற்குப் பிறகு அவள் வலியைப் பற்றிப் பேசவில்லை. குணமாகிக்கொண்டு வருகிறது என்று எடுத்துக்கொண்டேன். அடுத்த வருடம் மாசியில் நின்றுகொண்டிருந்தவள் திடீரென்று சரிந்து உட்கார்ந்தபோதுதான் மூன்றாவது எண்டோஸ்கோபிக்குப் போனோம். முதல் பத்தியில் சொன்னது அதைத்தான்.

ஒரு வாரம் கழித்து, மதியம், கொல்லைக் குழாயடியில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். பால் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில், தலை நிமிராமல், "எனக்கு வாழ்க்கையே வெறுத்துப்போச்சுங்க" என்றாள்.

எத்தனையோ முறை நான் எழுதிய வாசகம் அது. ஒரு மனிதர் வாயால் சொல்லிக் கேட்டது அன்றைக்குத்தான்.

கோப்பை எடுத்துப் புரட்டினேன். வயிற்று மருத்துவர் கடைசியாக எழுதிக் கொடுத்த தாளில் ஒரே வரிதான் இருந்தது: மனநல மருத்துவரைப் பார்க்கவும். அதையும் தேதி வாரியாக அடுக்கி வைத்திருந்தேன்.

மனநல மருத்துவர் ஐம்பது வயதுப் பெண்மணி. தஞ்சாவூரில் ஒரு கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் அவருடைய கிளினிக். செல்விக்கு அந்த இடம் பிடித்துவிட்டது. "யாராச்சும் பாத்தா, கண்ணாடி மாத்த வந்தோம்னு சொல்லிக்கலாம்." இரண்டாவது முறை போனபோது நிஜமாகவே படிக்கிற கண்ணாடி ஒன்று வாங்கிக்கொண்டாள், சாட்சிக்கு.

முதல் நாள் டாக்டர் தூக்கம், பசி, மாதவிடாய் என்று வரிசையாகக் கேட்டார். பிறகு அதே குரலில், "செத்துடலாம்னு தோணுதாம்மா?" என்றார்.

"டாக்டர், அதையெல்லாம் போய்..." என்று நான் ஆரம்பித்தேன். அவர் என்னைப் பார்க்காமலே கையை உயர்த்தி நிறுத்தினார். அப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடாது, கேட்காமல் விடுவதில்தான் ஆபத்து இருக்கிறது என்று பின்னர் விளக்கினார். உங்களில் யாருக்காவது அந்தக் கேள்வி நாக்கு வரை வந்து நிற்கிறது என்றால், கேட்டுவிடுங்கள். கேட்டுவிட்டு அவரைத் தனியே விடாமல், மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

செல்வி சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "தோணுது. ஆனா செய்ய மாட்டேன்."

"ஏம்மா?"

"செஞ்சா இவர் என்னையும் வயித்துவலின்னு எழுதிருவார்."

டாக்டர் அப்போதுதான் என் பக்கம் திரும்பினார். "என்னையும்னா? வேற யாரு?"

மலர்விழி செல்வியின் தங்கை. மூன்று வயது இளையவள். ஒரத்தநாடு பக்கம் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பு, கல்யாணமாகி ஆறாவது வருடம், ஒரு பங்குனியில் ஐந்து வயது மகள் இனியாவையும் ஒரு பையையும் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். நான்கு நாள் இருந்தாள். அக்காவும் தங்கையும் அடுப்படியில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். நான் நுழைந்தால் பேச்சு நிற்கும். என்ன விஷயம் என்று நான் கேட்கவில்லை. ஊரெல்லாம் போய்க் கேள்வி கேட்பது என் பிழைப்பு.

ஐந்தாம் நாள், செல்வியின் அண்ணனைக் கலந்துகொண்டு, முறைப்படி கொண்டுபோய் விடுவது என்று முடிவு செய்தேன். வந்த பெண்ணை வெறுங்கையோடு திருப்பி அனுப்பக் கூடாது. தட்டில் பழம், பூ, மஞ்சள், ஒரு புடவை வைத்து, பஸ்ஸில் கூட்டிப்போனேன். மாமியார் காபி கொடுத்தார். "சின்ன மனஸ்தாபம். ஒண்ணுமில்ல" என்று அந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சொன்னவன் நான்தான். கிளம்பும்போது மலர் வாசல் வரை வந்தாள்.

"மாமா, கடைசி பஸ் எத்தன மணிக்கு?"

எனக்காகக் கேட்கிறாள் என்று நினைத்தேன். "எனக்கு பஸ் இருக்கும்மா. நீ உள்ள போ."

ஏழு வாரத்தில் இறந்துபோனாள்.

செல்வியின் அண்ணன் தோட்டத்துப் பக்கம் என்னைத் தள்ளிக்கொண்டு போனார். "மாப்ள, வயித்துவலின்னே இருக்கட்டும். புள்ள அவங்க வீட்லதானே வளரணும்." கல்யாணமாகி ஏழு வருடத்துக்குள் என்பதால் கோட்டாட்சியர் விசாரணை உண்டு. எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னோம். செல்வியும் சொன்னாள், கையெழுத்துப் போட்டாள். அந்த ஊர் என் பகுதியில் சேராது. வேறு நிருபர் எவராவது தோண்டி எழுதிவிடக் கூடாதே என்று நானே முந்திக்கொண்டு செய்தியை அனுப்பினேன். ஒரு பத்தியில் ஆறு வரி.

அன்று வீடு திரும்பும்போது செல்வி ஒன்றே ஒன்று கேட்டாள். "அவளுக்கு எப்பங்க வயித்துவலி வந்துச்சு?"

"அதெல்லாம் அப்படித்தான் போடறது" என்றேன். அதன் பிறகு எங்கள் வீட்டில் மலரைப் பற்றிப் பேச்சு கிடையாது.

இவ்வளவையும் டாக்டரிடம் சொல்லி முடிக்க மூன்று சந்திப்புகள் ஆயின. சொன்னது பெரும்பாலும் செல்வி. நான் தேதிகளைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

நான்காவது சந்திப்பில்தான் எனக்குத் தெரியாத ஒன்று வந்தது. வலி தொடங்கிய ஆவணியில் இனியாவுக்குக் கும்பகோணத்தில் கல்யாணம் நடந்தது. பந்தியில் மாப்பிள்ளையின் அத்தை செல்விக்குப் பக்கத்து இலை.

"பொண்ணோட அம்மாவுக்கு என்ன செஞ்சுதுன்னு கேட்டாங்க டாக்டர். வயித்துவலின்னேன். அப்படியா, அது பரம்பரையா வருமான்னு கேட்டாங்க. எனக்கெல்லாம் இல்லைங்கன்னேன். அவங்க பாயசத்த ஊத்திக்கிட்டாங்க."

அந்த வாரத்திலேயே வலி தொடங்கியிருந்தது. எனக்குள் இருந்த நிருபர் நிமிர்ந்து உட்கார்ந்தான். "அப்ப அதனாலதான் வந்துச்சா டாக்டர்?"

"தலைப்பு தேடாதீங்க சார்" என்றார் அவர். "அதனாலதான் இதுன்னு என்னால கோடு போட முடியாது. பல வருஷமா ஏறிக்கிட்டு இருந்திருக்கும். ஒருநாள் வெளிய தெரிஞ்சிருக்கு, அவ்வளவுதான்."

பிறகு ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். நான் விளங்கிக்கொண்ட அளவில் தருகிறேன். குடலைச் சுற்றி அடர்த்தியான நரம்பு வலை இருக்கிறது. அதிலிருந்து மூளைக்கும், மூளையிலிருந்து அதற்கும் இடைவிடாமல் தகவல் போய்வருகிறது. அதற்கான பெரிய பாதை வேகஸ் நரம்பு (மூளையின் அடியிலிருந்து இதயம், நுரையீரல், குடல் வரை இறங்கும் நீண்ட நரம்பு). அந்தத் தகவல்களை வைத்து, இங்கே ஆபத்து இருக்கிறதா என்று மூளை ஒரு முடிவுக்கு வருகிறது. வலி என்பது அந்த முடிவு. புண் இருந்தும் வலிக்காமல் இருக்கலாம். புண் இல்லாமலும் வலிக்கலாம். முடிவு பிழையாக இருந்தாலும் வலி நிஜம். இதைச் செயல்பாட்டு வலி (உறுப்பு பழுதாகாமல், நரம்பும் மூளையும் தகவலைக் கையாளும் விதம் மாறுவதால் வரும் வலி) என்கிறார்கள். செல்விக்கு அதோடு மனச்சோர்வும் கலந்திருந்தது. ஒன்று மற்றதை வளர்த்தது.

"மூளை இந்த முடிவ தனியா எடுக்கறதில்ல" என்றார் டாக்டர். "பக்கத்துல இருக்கற மனுஷங்க மொகத்தையும் கொரலையும் பாத்துக்கிட்டேதான் எடுக்கும். கைக்கொழந்தையில இருந்து அப்படித்தான். சொன்னத நம்புற மொகம் பக்கத்துல இருந்தா அலாரம் கொஞ்சம் தணியும். நம்பாத மொகம்னா ஏறும்." செல்வியைப் பார்த்துக் கேட்டார். "வலிக்குதுன்னு சொல்றப்ப சார் எங்க பாப்பாரு?"

"போன."

"போன் இல்லாத காலத்துல?"

"பேப்பர."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். செல்வி அடக்கவில்லை. ஒன்றரை வருடத்துக்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன், என் செலவில்.

சிகிச்சை என்று பார்த்தால் மூன்று இருந்தன. குறைந்த அளவில் ஒரு மாத்திரை; அது மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் சேர்த்துக் கொடுப்பது. வாரம் ஒருமுறை பேச்சு சிகிச்சை (பயிற்சி பெற்றவரோடு முறையாகப் பேசி, பழகிப்போன அச்சங்களை மூளை மெல்ல மாற்றிக் கற்றுக்கொள்ள வைப்பது). மூன்றாவது எனக்கு. தினமும் காலையில் காபி குடித்த பிறகு செல்வி தன் வலிக்குப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண் சொல்வாள். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு இரண்டு நிமிடம் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆறுதல் சொல்லக் கூடாது, மாத்திரையை நினைவுபடுத்தக் கூடாது. 'ஒண்ணுமில்ல' என்ற சொல் எந்த வடிவிலும் வரக் கூடாது.

முதல் நாள் "ஏழு" என்றாள்.

"நேத்து டாக்டர்கிட்ட ஆறுன்னியே" என்றேன்.

"திருத்தம் போடறீங்களா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள்.

இரண்டு நிமிடம் சும்மா இருக்க நான் பழக ஒரு மாதம் பிடித்தது. மனைவியின் முகத்தை இரண்டு நிமிடம் தொடர்ந்து பார்ப்பது எங்கள் பக்கத்தில் கல்யாண ஆல்பத்தோடு முடிந்துவிடுகிற விஷயம். இடது புருவத்தின் முனையில் ஒரு சிறு தழும்பு இருந்தது. எப்படி வந்தது என்று கேட்டேன். "மலர் சின்னப் புள்ளையில கல்ல விட்டு எறிஞ்சா" என்றாள். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக அந்தத் தழும்போடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன்.

மாத்திரை அட்டையை வெந்தய டப்பாவுக்குள் ஒளித்து வைத்தாள். கொஞ்சம் தேறியதும் யாரையும் கேட்காமல் நிறுத்தினாள். பத்து நாளில் வலி பழைய இடத்துக்கே வந்தது. மறுபடி தொடங்கினாள். நான்காவது மாதம் ஒரு முழு இட்லி, ஆறாவது மாதம் மூன்று. எண் ஏழிலிருந்து ஐந்துக்கு வந்தது, பிறகு நாலு. பிடித்துத் தைத்த ரவிக்கைகளைப் பிரித்தாள்.

உடம்பு தேறத் தேற அவள் என்னிடம் பேசுவது குறைந்தது. எண்ணைச் சொல்வாள், வீட்டுக்கு என்ன வேண்டும் என்று சொல்வாள், அவ்வளவுதான். டாக்டரிடம் தனியே கேட்டேன். "மாத்திரை இப்படி ஆக்குமா?"

"இது மாத்திரையோட பக்கவிளைவு இல்ல சார்" என்றார்.

அடுத்த தையில் செல்வி சொன்னாள், இனியாவிடம் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று. டாக்டர் உடனே தலையாட்டவில்லை. சொல்வது யாருடைய நிம்மதிக்காக, அந்தப் பெண் எப்படித் தாங்குவாள், சொன்ன பிறகு யார் அவளோடு இருப்பார்கள் என்று நான்கு வாரம் பேசினார்கள். செல்வி சொன்ன காரணம் இது: வயதுக்கு வந்த நாளிலிருந்து இனியாவுக்கு வயிறு வலித்தால் உடனே ஸ்கேன் எடுக்கக் கூட்டிப் போகிறார்கள். அம்மா மாதிரி ஆகிவிடுமோ என்று வீட்டில் பயம். அந்தப் பெண்ணுக்கும் பயம். கல்யாணத்துக்குப் பிறகு அவளே தனியாகப் போய் இரண்டு முறை எடுத்திருக்கிறாள்.

என்னையும் வரச் சொன்னாள். "எழுதினவர் வரணும்."

கும்பகோணத்தில் இனியாவின் வீடு. அவள் கணவர் கடைக்குப் போயிருந்த காலை நேரம். செல்வி சுற்றி வளைக்காமல் சொன்னாள். அம்மா நான்கு நாள் வந்து தங்கியது, திருப்பிக் கொண்டுபோய் விட்டது, விசாரணையில் சொன்னது, செய்தி எழுதியது. "எதனால அப்படிச் செஞ்சான்னு எங்களுக்குத் தெரியாது. நாங்க யாரும் கேக்கல. வயித்துவலி இல்ல. அது மட்டும் தெரியும்."

இனியா மேசை விரிப்பின் ஓரத்தை இழுத்து நேராக்கினாள்.

"அப்ப எனக்கு அது வராதா பெரியம்மா?"

"வயித்துல எதுவும் வராது. மனசுக்குத் தாங்கலன்னா எங்கிட்ட வா. எந்த நேரமானாலும் வா. யாரும் ஒன்ன திருப்பிக் கொண்டுபோய் விட மாட்டாங்க." கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது என்னைப் பார்த்தாள்.

இனியா எழுந்து உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து என் முன்னால் ஒன்றை வைத்தாள். லேமினேட் செய்த பத்திரிகைத் துண்டு. தாள் பழுப்பேறியிருந்தது. ஒரு பத்தி, ஆறு வரி.

"ஒம்போதாவது படிக்கிறப்ப பாட்டி பெட்டில கெடச்சுது. அம்மாவ பத்தி அச்சுல வந்தது இது ஒண்ணுதான். அதான் லேமினேட் பண்ணி வச்சேன்." விரலை வைத்துக் காட்டினாள். "இதுல வயசு இருபத்திமூணுன்னு இருக்கு பெரியப்பா. கணக்குப் போட்டுப் பாத்துட்டு, அம்மாவுக்குப் பதினேழு வயசுலயே கல்யாணமாப்பான்னு கேட்டு அப்பாகிட்ட அடி வாங்கினேன். அம்மாவுக்கு இருபத்தெட்டுதானே?"

இருபத்தெட்டுதான். பெயரை மாற்றியிருந்தேன். ஊரை மாற்றியிருந்தேன். வயதை மாற்ற மறந்திருந்தேன்.

"இது யாரோட வயசு?"

"அதுக்கு முன்னாடி செத்துப்போன பொண்ணோடது" என்றேன்.

"அவங்க பேரு?"

நினைவில்லை. இனியா துண்டை எடுத்து முந்தானையால் துடைத்து உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டாள். போகும்போது, "வயசையாவது சரியா போட்டிருக்கலாம்" என்றாள். குரல் உயரவில்லை.

அன்றிலிருந்து அவள் என்னிடம் பேசுவதில்லை. செல்வியை வாரம் இரண்டு முறை தொலைபேசியில் கூப்பிடுகிறாள். ஸ்கேன் எடுப்பதை நிறுத்திவிட்டாள், டாக்டர் ஒருவரிடம் பேசத் தொடங்கியிருக்கிறாள் என்று செல்வி ஒரு முறை சொன்னாள். இனியாவின் அப்பா எனக்கு போன் செய்து பேசிய வார்த்தைகளை அச்சில் தர முடியாது. செல்வியின் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வருவதை விட்டுவிட்டார். "பத்தொம்போது வருஷம் கழிச்சு யாரக் காப்பாத்த மாப்ள இது?" என்று கேட்டார். இதற்கு என்னிடம் பதில் இருந்தது. அதைச் சொல்லும் தகுதி இல்லை.

குணமானதா என்று கேட்பீர்கள். வலி முழுதாகப் போகவில்லை. மூன்றில் நிற்கிறது, சில நாள் இரண்டு. மழை நாளில் நாலு. அவள் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், தனியாகவே பஸ் ஏறி டாக்டரிடம் போய்வருகிறாள். சாக வேண்டும் என்று தோன்றி மாதங்கள் ஆகின்றன என்று டாக்டரிடம் சொன்னதாகக் கேள்வி. என்னிடம் சொல்லவில்லை.

இருபத்தேழு வருடம் என் நாள் மாலை ஆறரை மணியை நோக்கி ஓடியது. அதற்குள் செய்தி போய்ச் சேர வேண்டும். போகாவிட்டால் அது செய்தியே இல்லை. இப்போது என் நாளில் இரண்டு நிமிடம்தான் இருக்கிறது. மற்ற நேரமெல்லாம் அதற்கு முன்னும் பின்னும் கிடக்கிறது.

போன வாரம் ஒரு காலை. காபி குடித்து முடித்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள். நான் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தேன். எண் வரவில்லை. தெருவில் கீரைக்காரி கூவிப்போனாள், திருக்காட்டுப்பள்ளி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. பிறகும் வரவில்லை. சொல்ல மறந்துவிட்டாள் என்பது எனக்கு மெல்லத்தான் உறைத்தது. வலி இருப்பதையே மறந்திருக்கிறாள்.

அப்போதுதான் என் வலது கை எங்கே இருக்கிறது என்று கவனித்தேன். விலாவுக்குக் கீழே, சட்டையை இறுக்கிப் பிடித்தபடி இருந்தது. வயிற்றுத் தசை பலகை மாதிரி விறைத்திருந்தது. அன்றைக்குத்தான் விறைத்ததாகத் தெரியவில்லை. தளர்த்திப் பார்த்தேன். எப்படித் தளர்த்துவது என்று உடம்புக்குத் தெரியவில்லை.

செல்வி அதைப் பார்த்துவிட்டாள்.

"ஒங்களுக்கு எத்தன?"

"ஒண்ணுமில்ல" என்றது வாய்.

அவள் எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, டாக்டர் எனக்குக் கற்றுக்கொடுத்தது போலவே, என் முகத்தைப் பார்த்தாள். ஒரு மனிதர் பதிலுக்குக் காத்திருக்கும்போது எதிரில் இருப்பவருக்கு இரண்டு நிமிடம் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரிந்தது. வாசலில் நின்று கடைசி பஸ்ஸுக்கு நேரம் கேட்டவளுக்கு நான் இரண்டு நொடிகூடக் கொடுத்ததில்லை.

"அஞ்சு" என்றேன்.

அவள் எதுவும் சொல்லவில்லை. எதுவும் சொல்லக் கூடாது என்பது விதி. விதிக்காகத்தான் பேசாமல் இருந்தாளா, சொல்ல எதுவும் இல்லாமல் இருந்தாளா என்று நான் கேட்கவில்லை. அவள் எழுந்தும் போகவில்லை. காரணம் தெரியவில்லை.